புதுப்பிப்பு: சஸ்பென்ஷனை 50 மி.மீ. உயர்த்திய பிறகு

கரடுமுரடான பாதைகளுக்காக என் நான்கு சக்கர இயக்க வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால் சாலையில் ஆபத்தா என்று முந்தைய பதிவில் கேட்டிருந்தேன். வேலை முடிந்துவிட்டது, பதில் நான் எண்ணியதைவிடச் சிக்கலானது.

நீளமான ஸ்பிரிங்குகளை மாட்டியதும் முன் அச்சு சற்றே சுழன்று காஸ்டர் கோணம் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சுக்கோடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்ததால், நேர்ச்சாலையில்கூட வண்டி அலைபாய்ந்தது. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை. அந்தக் கோணத்தைச் சரிசெய்யும் புஷ்களை (அச்சின் இணைப்புகளில் செருகும் உருளைத் துண்டுகள்) பொருத்தி, வீல் அலைன்மென்ட் பார்த்த பின்பே அது அடங்கியது. என்னை உண்மையில் கலங்கவைத்தது பிரேக் ஹோஸ்தான், அதாவது பிரேக் எண்ணெயைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் வளையும் குழாய். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை முழுவதும் தொங்கவிட்டபோது அது நாண்போல் விறைத்து நின்றது. ஒரு பெரும்பள்ளத்தில் அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உடனே நீளமான ஹோஸ் மாற்றினேன். முகப்பு விளக்குகளையும் தாழ்த்தியாயிற்று, எதிரே வருபவரின் கண் கூசக்கூடாதல்லவா.

எந்தப் பாகத்தாலும் முழுமையாகத் தீராதது ஒன்று உண்டு: சக்கரங்களுக்கு இடையிலான அகலம் மாறாமல் ஈர்ப்பு மையம் மட்டும் உயர்ந்திருப்பதால், திடீரென ஒடித்துத் திருப்பினால் வண்டி கவிழும் வாய்ப்பு முன்பைவிட அதிகம். நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைத்தே ஓட்டுகிறேன். இதற்குமேல் உயர்த்தப் போவதில்லை.