அடங்காப்பிடாரி, தான்தோன்றி, ஒரு மாதிரி: ஊரோடு ஒத்துப்போகாதவர்களுக்கு ஏன் வசவு மட்டும்?

பொன்னித்துறை:
சொந்தமாக யோசித்து ஊர் வழக்கத்தை மீறுகிறவர்களை நாம் எப்படியெல்லாம் அழைக்கிறோம் என்று எழுதிப் பார்த்தேன். அடங்காப்பிடாரி, தான்தோன்றி, தறுதலை, கிறுக்கு, விதண்டாவாதி, திமிர் பிடித்தவள், ஒரு மாதிரி. முக்கால்வாசி வசவு. புரட்சியாளர், சீர்திருத்தவாதி எல்லாம் மேடைச் சொற்கள், அதுவும் ஆள் போய்ச் சேர்ந்து படத்துக்கு மாலை போடும்போதுதான் வெளியே வரும். பாரதியையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் தாழ்த்தப்பட்ட சாதி இளைஞரான கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டுவிட்ட மனிதர், கடையத்தில் இருந்தபோது அக்கிரகாரம் ஒதுக்கித்தான் வைத்தது. 1921ல் இறந்தபோது இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்பார்கள். அவர் மகாகவியா இல்லையா என்ற சண்டையே 1930களில்தான் சூடு பிடித்தது, 1949ல் அரசே பாடல்களின் உரிமையை வாங்கியது. உயிரோடு இருந்தவரைக்கும் ஒதுக்கம், அப்புறம் பட்டம்.

வைகைக்கரையான்:
பாரதியைக் காட்டினால் எல்லாரும் தலையாட்டுவார்கள் என்று தெரிந்துதான் ஆரம்பிக்கிறீர்கள். ஊரை மீறுகிறவர்களில் எத்தனை பேர் பாரதி? எங்கள் பக்கம் கண்மாய்ப் பாசனம். மடை முறை என்று ஒன்று உண்டு, இன்று உன் வயல், நாளை அடுத்தவர் வயல், கடைமடை வரைக்கும் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்றால் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற நீர்பாய்ச்சி சொல்கிறபடி எல்லாரும் அடங்க வேண்டும். என் பெரியப்பா அடங்க மாட்டார். ராத்திரியில் போய் வரப்பை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்வார், கேட்டால் யார் போட்ட சட்டம் என்பார். அவரும் சொந்தமாக யோசித்தவர்தான். ஊர் அவரைத் தான்தோன்றி என்றது, நான் ஊர் பக்கம். 'ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும்' என்று கொன்றைவேந்தன் சும்மா சொல்லவில்லை.

குறுக்குச்சால்:
அண்ணா, தண்ணீர் திருடியவரையும் வழக்கத்தை எதிர்த்தவரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். உங்கள் பெரியப்பா யாருக்காக மீறினார்? தனக்காக. மணலூர் மணியம்மை யாருக்காக மீறினார்? தஞ்சாவூர் ஜில்லா அக்கிரகாரத்தில் இளம் விதவை. தலையில் கிராப்பு, வேட்டி, அரைக்கைச் சட்டை, சிலம்பம் வேறு கற்றுக்கொண்டு, நிலமில்லாத பண்ணையாட்களைச் சங்கமாகச் சேர்த்தார், அதற்காகச் சொந்தச் சாதியும் மிராசுதார்களும் எதிரியானார்கள். 1953ல் மான் முட்டி இறந்தார், அதிலேயே இன்றைக்கும் சந்தேகம் இருக்கிறது. பாரதிக்கு மணிமண்டபம் இருக்கிறது, இவர் பெயரைத் தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. 'அவன் ஒரு மாதிரி' என்றால் கொஞ்சம் விசித்திரமான ஆள், அவ்வளவுதான். 'அவள் ஒரு மாதிரி' என்றால்? எனக்கு இது யாரும் விளக்கிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வரன் வேண்டாம் என்று சொன்ன வருடமே தெரிந்துகொண்டேன்.

ஏட்டுச்சுவடி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். பொன்னித்துறை சொன்ன வசவில் பாதி சாமி பெயர். பிடாரி ஊர் எல்லையில் இருக்கும் அம்மன். தான்தோன்றி என்றால் சுயம்புலிங்கம், கோயில்களில் தான்தோன்றீஸ்வரர் என்றே கும்பிடுகிறோம், கரூர் பக்கம் மலைக்கே தான்தோன்றிமலை என்று பெயர். சுந்தரர் முதல் பாட்டிலேயே சிவனைப் 'பித்தா' என்றுதான் கூப்பிடுகிறார். காரைக்கால் அம்மையார் இன்னும் ஒரு படி மேலே, வணிகன் வீட்டு மருமகளாக இருந்த அழகை உதறிவிட்டுத் தன்னைத்தானே 'காரைக்கால் பேய்' என்று பாட்டில் பதிவு செய்துவிட்டுப் போனார். மற்ற நாயன்மார் நிற்க, அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார், அறுபத்துமூவர் வரிசையில் பாருங்கள். ஆகவே வசவு என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது, அந்தச் சொற்களில் பயமும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது.

குறுக்குச்சால்:
சாமிக்கு மரியாதை சார், மருமகளுக்கு எங்கே? பிடாரிக்குப் பொங்கல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பெண்ணை அதே பெயரால் திட்டுகிறவர்கள்தானே நாம். காரைக்கால் அம்மையாரும் புருஷன் விட்டுப்போன பிறகுதான் பேயானார், வீட்டில் இருந்துகொண்டே ஆகியிருந்தால் வேப்பிலை அடித்திருப்பார்கள்.

வைகைக்கரையான்:
சிரித்துவிட்டேன், ஆனால் வாதம் நகரவில்லை. செத்த பிறகுதான் பட்டம் என்று பொன்னித்துறை சொன்னது தப்பு. ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பெயரை 1938 நவம்பரில் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு அவர் 35 வருடம் உயிரோடு இருந்தார். மீறினால் மதிப்பே கிடைக்காத ஊராக இருந்தால் இது எப்படி நடந்தது? வள்ளுவரும் 'உலகத்தோடு ஒட்ட ஒழுகல்' என்றுதான் சொல்கிறார், அது தெரியாதவன் எவ்வளவு படித்திருந்தாலும் அறிவில்லாதவன் என்கிறார். ஒத்துப்போவது கோழைத்தனம் இல்லை, அதுவும் ஒரு அறிவு.

பொன்னித்துறை:
அந்தக் குறளுக்குப் பரிமேலழகர் என்ன எழுதினார் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். உலகத்தோடு ஒட்டுவது என்றால் உயர்ந்தோர் ஒழுகியபடி ஒழுகுவது என்கிறார். தொல்காப்பியமும் 'வழக்கு எனப்படுவது உயர்ந்தோர் மேற்றே' என்கிறது. உயர்ந்தோர் யார் என்று முடிவு செய்தது யார்? பண்ணையாள் இல்லை, விதவை இல்லை. பெரியார் பட்டமும் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிக் கொடுத்ததா என்ன, நீங்களே சொல்கிறீர்கள் பெண்கள் மாநாடு என்று. வழக்கத்தால் அடிபட்டவர்கள்தான் வழக்கத்தை உடைத்தவருக்கு நல்ல பெயர் வைத்தார்கள்.

வைகைக்கரையான்:
அப்படியானால் கடைமடைக்காரனும் அடிபட்டவன்தான், அவனைக் காப்பாற்றுவது மடை முறை என்கிற வழக்கம். எல்லா வழக்கமும் மேலே இருப்பவனுக்காக உண்டானதில்லை.

குறுக்குச்சால்:
சரி, உங்கள் மடைக்கே வருகிறேன். கடைமடை வயல் ஒரு பெண் பெயரில் இருக்கிறது, தண்ணீர் வரவில்லை, முறைப்படி திறந்துவிடுங்கள் என்று கேட்க அவளே மடைக்குப் போகிறாள். அவள் எதையும் மீறவில்லை, நீங்கள் சொல்கிற முறையைத்தான் நடத்தச் சொல்கிறாள். ஊர் அவளை என்னவென்று சொல்லும்?

வைகைக்கரையான்:
எங்கள் ஊரில் பெண்கள் மடைக்கு வருவதில்லை. அண்ணன் தம்பி யாராவது போவார்கள்.

குறுக்குச்சால்:
ஏன் வருவதில்லை அண்ணா?