பழைய மெமரி கார்டை வித்து மாட்டிக்கிட்டேன், உங்களுக்கும் இப்டி நடந்திருந்தா சொல்லுங்க

காரைக்குடி கேமராக்காரன்:
கல்யாண போட்டோ எடுக்குறதுதான் தொழில். போன ஆடில வேலை இல்லாம உக்காந்திருந்தப்ப பீரோல கெடந்த ஆறு பழைய கார்டை ஃபார்மட் போட்டு ஒரு காலேஜ் பையன்ட்ட வித்துட்டேன். நாலாம் நாளு போன் பண்றான், "அண்ணே, கழுத்துரு (செட்டிநாட்டுத் தாலி) போட்ட பொண்ணு படமா வருதுண்ணே, உங்க பார்ட்டியா?"ன்னு.

அடிவயிறு கலங்கிருச்சு. கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டு கல்யாணம் அது. பொண்ணு படம் மட்டும் வந்திருந்தாக்கூட ஒரு மாதிரி சமாளிச்சிருப்பேன், இசைகுடிமானத்தை (கல்யாணத்தப்ப எழுதுற பத்திரம்) வேற க்ளோசப்ல எடுத்து வச்சிருந்தேன், ஊரு பேரு கையெழுத்து எல்லாம் பளிச்சுனு தெரியுது, வளவுல பரப்பி வச்ச வெள்ளிச்சாமான், தொறந்து கெடக்குற பெட்டகம், அது எந்த ரூம்ல இருக்குங்குறது வரைக்கும். ஃபோட்டோரெக்னு அழிஞ்ச படத்தை மீட்டெடுக்குற ஒரு இலவச சாஃப்ட்வேர், அதை ஓட்டிவிட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்கான், அவ்ளோதான். நல்ல பையன், கார்டைத் திருப்பிக் குடுத்துட்டான்.

நான் போட்டது குயிக் ஃபார்மட். அது பேரேட்டைத் தூக்கிப் போட்டுட்டு புதுப் பேரேடு போடுற கதைதானாம், கிடங்குல சரக்கு அப்டியே இருக்குமாம். இத்தனை வருசம் இது தெரியாம கேமரா தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன் பாருங்க.

தேவகோட்டை சர்வீஸ்:
அண்ணே, விண்டோஸ்ல அந்த குயிக் டிக்கை எடுத்துட்டு போட்டா விஸ்டாவுல இருந்து முழுசும் பூஜ்யம் எழுதும், ரெக்கவரி சாஃப்ட்வேர்லாம் அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா ஃப்ளாஷ்ல (கார்டு, பென்டிரைவுக்குள்ள இருக்க சிப்பு வகை) ஒரு வில்லங்கம் இருக்கு. எழுதின எடத்துலயே திருப்பி எழுத முடியாது, பக்கம் பக்கமா எழுதும், ஆனா அழிக்கிறப்ப பல பக்கம் சேந்த ஒரு பிளாக்கைத்தான் மொத்தமா அழிக்கும். அதனால நீங்க ஒரு ஃபைல் மேல எழுதுறதா நெனச்சாலும் உள்ள இருந்து எல்லாத்தையும் நடத்துற கன்ட்ரோலர் அதை வேற காலி எடத்துல கொண்டுபோய் வச்சிட்டு பழசை "அப்றம் பாத்துக்கலாம்"னு விட்டுரும். ஒரே எடம் தேயக்கூடாதுன்னு மாத்தி மாத்தி எழுதுறது, அதுபோக நம்ம கண்ணுக்கே காட்டாம கொஞ்சம் எடம் ஒளிச்சு வச்சிருக்கும். 2011ல கலிஃபோர்னியா சான் டியாகோ யுனிவர்சிட்டில ஃப்ளாஷ் டிரைவோட சிப்பைக் கழட்டி நேரா படிச்சுப் பாத்தாங்க. ஒரு ஃபைலை மட்டும் தனியா அழிக்கிற முறை ஒண்ணுகூட உருப்படியா வேலை செய்யல, முழு டிரைவையும் ரெண்டு தடவ எழுதுனா பெரும்பாலும் போயிருது, அதுவும் எப்பவும் இல்ல. அழிக்கணும்னா 35 தடவ மேல எழுதணும்னு இன்னும் சொல்லிட்டுத் திரியிறாய்ங்க, அது 1996ல காந்த டிஸ்க்குக்கு எழுதின கதைண்ணே, கார்டுல பண்ணா கார்டுதான் தேயும்.

போன் விக்கிறவங்களுக்கு பயம் கம்மி. ஆண்ட்ராய்டு 10ஓட வர்ற போன்லாம் கட்டாயம் என்கிரிப்ட் ஆகித்தான் (சாவி இல்லாம படிக்க முடியாதபடி பூட்டித்தான்) வரும், ரீசெட் போட்டா சாவி அழிஞ்சிரும், பெட்டகம் இருந்தும் சாவி கெணத்துல. ஆனா உள்ள சொருகுன மெமரி கார்டு தனி, அதை மறந்துட்டு குடுத்துட்டு மறுநாள் கடை வாசல்ல வந்து நிக்கிறவங்கள நான் நெறய பாத்துட்டேன்.

பள்ளத்தூர் மாப்பிள்ளை:
எனக்கு வேற மாதிரி தலைவலி. எங்க அய்த்தான் சிங்கப்பூர்ல இருந்து 64 ஜிபி பென்டிரைவ்ல ஐயாவோட சாந்தி விழா வீடியோவ அனுப்பிச்சாக, முகப்புல எல்லாரையும் உக்கார வச்சிட்டு டிவில சொருகுனா "சப்போர்ட் இல்ல"ங்குது. டிரைவுல ஃபைலை அடுக்கி வைக்க பல முறை இருக்காம், அது எக்ஸ்ஃபேட்டு, எங்க டிவி அரதப்பழசு, ஃபேட்32ங்குற பழைய முறை மட்டும்தான் படிக்குமாம். சரின்னு நான் பெரிய இவனாட்டம் லேப்டாப்ல வீடியோவ எடுத்துக்கிட்டு பென்டிரைவை ஃபேட்32க்கு மாத்தப் போனா விண்டோஸ் 32 ஜிபிக்கு மேல அந்த ஆப்ஷனே காட்டல, வேற சாஃப்ட்வேர் போட்டு மாத்துனா இப்ப வீடியோ 7 ஜிபி, ஃபேட்32ல ஒரு ஃபைலு 4 ஜிபியத் தாண்டக்கூடாதாம், ரெண்டா வெட்டித்தான் ஓட்டுனேன். அதுக்குள்ள ஆயா தூங்கிட்டாக.

அப்பச்சியோட பழைய கேமராவும் இப்டித்தான், 2 ஜிபி எஸ்டி கார்டு காலத்துது, 2006ல வந்த எஸ்டிஹெச்சி (2 ஜிபிக்கு மேல பிடிக்கிற) கார்டையே அதுக்குத் தெரியாது. அந்த சின்ன கார்டு முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைல கெடைக்குமான்னு பாக்கணும் (சிரிக்காதீங்க, அங்க கெடைக்காத சாமான் இல்ல).

காரைக்குடி கேமராக்காரன்:
@பள்ளத்தூர், அங்க கார்டு கெடைச்சா வாங்குங்க, ஆனா உள்ள யாரு வீட்டுக் கல்யாணம் இருக்குன்னு மட்டும் பாக்காதீங்க 😄

@தேவகோட்டை, அப்ப அந்த ஆறையும் என்னதான் பண்றது?

தேவகோட்டை சர்வீஸ்:
விக்காதீங்க, ஒடச்சிருங்க. ஓரத்த ஒடச்சா பத்தாது, உள்ள கறுப்பா இருக்க சிப்பு நொறுங்கணும். பென்டிரைவுல தகரப் பக்கத்த நசுக்கிட்டு சிப்ப முழுசா விட்டுட்டு வந்தவரு ஒருத்தர் இருக்காரு.

காரைக்குடி கேமராக்காரன்:
அம்மியில வச்சுத் தட்டிட்டேன். "மொளகா அரைக்கிற அம்மிடா அது"ன்னு ஆத்தா ரெண்டு நாளா பேசல.