"நீங்க சொல்றது நியாயம்தான்" என்றால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமா?

தேனிக்காரன்:
வார விடுமுறையை மாற்றித் தரச் சொல்லி மேலதிகாரியிடம் காரணத்தோடு கேட்டேன். "நீங்க சொல்றது நியாயம்தான், பார்க்கலாம்" என்றார், அதோடு நிற்கிறது. நியாயம் என்றால் நீதி என்றுதான் படித்திருக்கிறேன், ஆனால் "நியாயமா இந்நேரம் பஸ் வந்திருக்கணும்" என்கிறோமே, அதில் நீதி எங்கே? தர்க்கமும் இதுவும் ஒன்றுதானா?

ஏட்டுச்சுவடி:
பஸ் எப்போது கிளம்பியது, எவ்வளவு தூரம் என்று தெரியும், அதனால் இப்போது வந்திருக்க வேண்டும் என்கிறீர்கள். காரணத்தைப் பிடித்து முடிவுக்கு வருவதும் நியாயம்தான். இந்தியத் தத்துவத்தில் அனுமானத்தை, அதாவது தெரிந்ததை வைத்துத் தெரியாததை அறிவதை, நுணுகி ஆராய்ந்த தத்துவப் பிரிவின் பெயரே நியாயம், கௌதமர் பெயரில் வழங்கும் நியாய சூத்திரம் அதன் மூலநூல். தமிழில் மணிமேகலை 29ஆம் காதையைப் பாருங்கள், பௌத்தத் துறவி அறவண அடிகள் பௌத்த அளவையை (எதையும் அறியும் வழிமுறையை) விளக்கும்போது 'இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல' என்று சொல்லி பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (அதை இந்த மலைக்குப் பொருத்துவது), நிகமனம் (முடிவு) என ஐந்தாகப் பிரிப்பார். அடுக்களையை எடுத்துக்காட்டாக வைத்தது எனக்கு மிகவும் பிடிக்கும், யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

தர்க்கம் வேறு. 'வெளியூர்க்காரர் யாரும் கடனைத் திருப்பித் தரமாட்டார்கள், இவர் வெளியூர், அதனால் தரமாட்டார்' என்பதில் கோர்வை சரி, ஆனால் முதல் வாக்கியமே பொய். இதை யாரும் நியாயமான பேச்சு என்று சொல்ல மாட்டோம். தர்க்கத்துக்குக் கோர்வை போதும், நியாயத்துக்கு அடிப்படையும் உண்மையாக இருக்கணும், கேட்பவர் மனசும் ஏற்கணும்.

வைகைக்கரை:
கூட வரும் வினையையும் பாருங்கள். நியாயம் கேட்டான் என்றால் உரிமைக்காகப் போய் நின்றான், "பெரிய நியாயம் பேசுறான்" என்றால் செய்த தப்பை மறைக்க வாதாடுகிறான், நியாயப்படுத்துகிறான் என்பது இன்னும் மோசம். "அநியாயத்துக்கு நல்லவர்" என்பதில் தப்பே இல்லை, அளவுக்கு மிஞ்சி நல்லவர், அவ்வளவுதான்.

உங்கள் அதிகாரி காரணத்தை ஏற்றிருக்கிறார், கோரிக்கையை இன்னும் ஏற்கவில்லை. அந்த 'தான்' பின்னால் ஒரு 'ஆனால்' இருக்கிறது. எந்த வாரத்திலிருந்து என்று எழுத்தில் கேளுங்கள்.

பனங்கூடல்:
எங்கட யாழ்ப்பாணப் பக்கம் "நியாயமான சனம் வந்தது" என்றால் கணிசமான கூட்டம் என்று அர்த்தம்.

தேனிக்காரன்:
நன்றி, நாளைக்கே மெயில் போடுகிறேன். அப்புறம், கோர்ட்டில் 'நியாயமான சந்தேகம்' என்கிறார்களே?

ஏட்டுச்சுவடி:
அங்கேயும் காரணம்தான். சாட்சியத்தைக் காட்டி, இதனால் சந்தேகப்படுகிறேன் என்று சொல்ல முடியணும். 'எதுக்கும் ஒருவேளை' என்ற வெறும் எண்ணம் அதில் சேராது.