மறு: ஃபேன்டசி பேஸ்பாலுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்? என் ஓட்டு "நிழலணி"

நண்பர்களுக்கு வணக்கம்.

> "கற்பனை அணி"ன்னே வெச்சுக்கலாமே, எல்லாருக்கும் உடனே புரியும்.

புரியும்ங்க, ஆனா தப்பா புரியும், அதான் என் கவலை. இந்த ஆட்டத்துல கற்பனைன்னு எதுவுமே கிடையாது. ஆட்டக்காரர் நிஜம், அவர் பந்தை எல்லைக்கு வெளிய அடிச்சு எடுக்குற ஹோம் ரன் நிஜம், அடி விழாமலே ஓடித் திருடுற பேஸ் நிஜம். நாம செய்யுறது மேஜர் லீக் பேஸ்பாலோட முப்பது டீம்ல இருந்தும் ஆளைப் பொறுக்கி ஒரு அணியா சேர்த்து வெச்சுக்கிறது மட்டும்தான், அதுக்கப்புறம் மார்ச் கடைசியில இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் ஒவ்வொரு டீமும் ஆடுற 162 மேட்ச்லயும் நம்ம ஆளு மைதானத்துல என்ன செய்யுறாரோ அதுதான் நம்ம கணக்குல விழும், நாமளா ஒரு ரன் கூட்டிக்க முடியாது. அதனாலதான் நிழல்னு சொல்றேன். நிழலணி, நிழலணி பேஸ்பால், நிழலணி லீக்.

2025 சீசனை எடுத்துக்கோங்க. நாம ஆட்டக்காரங்களைப் பிரிச்சு எடுத்துக்குற ஏலம் நடக்குறதுக்கு முன்னாடியே அரசியல் வந்து அணிகள்ல கை வெச்சிடுச்சு. 2023ல நெவாடா மாநிலம் லாஸ் வேகாஸ் ஸ்டேடியத்துக்கு 380 மில்லியன் டாலர் வரைக்கும் பொதுப்பணம் தர்றதா சட்டம் போட்டுச்சு, அதை வெச்சு அத்லெடிக்ஸ் டீம் ஓக்லாண்டை விட்டுக் கிளம்பி, புது ஸ்டேடியம் முடியுற வரைக்கும்னு வெஸ்ட் சாக்ரமெண்டோவில ஒரு மைனர் லீக் (கீழ்நிலை லீக்) மைதானத்துல வந்து உட்கார்ந்துட்டாங்க. ஓக்லாண்ட் மைதானம் பிட்சருக்கு, அதாவது பந்து வீசுறவருக்குச் சாதகம், இது அடிக்கிறவங்களுக்குச் சாதகம், அதனால அந்த டீம் பேட்டர்களுக்கு ஏலத்துல மவுசு, பிட்சர்களைத் தொடவே யோசிச்சோம். 1968ல இருந்து கூடவே நின்ன ஊர் ஜனங்களை விட்டுட்டு இன்னொரு ஊர் வரிப்பணத்தைத் தேடிப் போறது அநியாயம்னுதான் நான் இன்னிக்கும் சொல்லுவேன், ஆனா நான் சொல்ல வர்றது என்னன்னா, ஒரு சட்டமன்றத்துல விழுந்த ஓட்டு நேரா நம்ம அணியோட எண்ணிக்கையில வந்து நிக்குது. கற்பனைன்னா இது நடக்குமா? டாம்பா பே ரேஸும் அப்படித்தான், 2024 அக்டோபர்ல மில்டன் புயல் ஸ்டேடியம் கூரையைப் பிச்சுப் போட்டதுல அடுத்த சீசன் பூரா யாங்கீஸோட பயிற்சி மைதானத்துல ஆடினாங்க.

2025 ஜூலை 28 அன்னிக்கு கிளீவ்லாண்ட் டீமோட எம்மானுவேல் கிளாசேயை சூதாட்ட விசாரணை நடக்குதுன்னு விடுப்பில அனுப்பினாங்க. கடைசி இன்னிங்ஸ்ல வந்து மேட்சை முடிச்சுக் கொடுக்குற பிட்சர் அவர், "சேவ்" கணக்கு முழுக்க அவரை நம்பி இருந்த அணிகளுக்கு அன்னிக்கே அந்தக் கணக்கு நின்னுடுச்சு. இன்னொரு பக்கம் சியாட்டில் டீமோட கேட்சர், அதாவது பேட்டருக்குப் பின்னாடி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவர், கேல் ராலி 60 ஹோம் ரன். கேட்சர்னா பொதுவா அடி கம்மி, அந்த இடத்துல இருந்து இத்தனை வந்தா மத்த அணிகள் எட்டிப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். நிஜ ஆட்டம் நின்னா நிழலும் நின்னுடும்: 1994 ஆகஸ்ட்ல ஆட்டக்காரங்க ஸ்டிரைக் பண்ணப்போ மிச்ச சீசன் ரத்தாகி வேர்ல்ட் சீரிஸே நடக்கல, அதோட எல்லா நிழலணி லீக்கும் பாதியில நின்னுது. அடுத்த வருஷம் மார்ச் 31ல அந்தத் தகராறுல உத்தரவு போட்டு ஆட்டத்தைத் திரும்ப நடக்க வெச்ச நீதிபதி சோனியா சோட்டோமயோர், 2009ல அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியா போனாங்களே அவங்கதான்.

> பணம் கட்டித்தானே ஆடுறாங்க, "பந்தய அணி"ன்னு நேரா சொல்றதுல என்ன தப்பு?

ஐயா, இதுல நான் ஒத்துக்க மாட்டேன். பந்தயம் கட்டுறவங்க இருக்காங்க, 2018 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கப்புறம் மாநிலம் மாநிலமா பந்தயத்தைத் திறந்துவிட்டது எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா 2006ல அமெரிக்காவுல இணைய சூதாட்டத் தடைச் சட்டம் போட்டப்போ நம்ம ஆட்டத்துக்கு விலக்கு கொடுத்தாங்க, அந்த விலக்கோட நிபந்தனைகளைப் படிச்சாலே நமக்கு வேண்டிய வரையறை கிடைச்சிடும்: நீங்க வெச்சிருக்கிற அணி எந்த நிஜ டீமோட அப்படியே நகலா இருக்கக் கூடாது, முடிவு ஆடுறவங்களோட அறிவையும் திறமையையும் காட்டணும், பல மேட்ச்ல பல ஆட்டக்காரங்க சேர்த்த புள்ளிவிவரத்தை வெச்சு அமையணும். பந்தயம் பணத்தைச் சொல்லுது, அணி எப்படி உண்டாகுதுன்னு சொல்லல. பைசா இல்லாம ஆடுற லீக்கை அப்புறம் என்னன்னு கூப்பிடுவீங்க?

"நிழல்"னா நிழல் உலக தாதா ஞாபகம் வருதுன்னு ஒரு தோழி எழுதியிருந்தாங்க. நியாயமான பயம்தான். ஆனா நிழல் அமைச்சரவைன்னு பத்திரிகையில படிக்கிறோம், பாமக வருஷா வருஷம் நிழல் நிதிநிலை அறிக்கை வெளியிடுது, அங்கெல்லாம் யாருக்கும் தாதா ஞாபகம் வரல. நிஜமான ஒண்ணுக்குப் பக்கத்துலயே, அதே எண்களை வெச்சு, அதிகாரம் இல்லாத ஒருத்தர் நடத்துறதுங்கற பொருள் தமிழ்ல ஏற்கனவே பழகிப்போச்சு, நமக்கு வேண்டியது அச்சா அதுதான்.

இங்கிலீஷ்ல ஆரம்பத்துல பரவின பேரு இதைவிட மோசம். 1980ல டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் அவங்க லீக்கை ஆரம்பிச்சப்போ, நியூயார்க்ல அவங்க கூடுற லா ரோட்டிசெரி ஃப்ராங்சேஸ்ங்கற ஹோட்டல் பேரையே வெச்சுட்டாங்க, ரோட்டிசெரி பேஸ்பால்னு. அதைக் கேட்டு யாருக்கு என்ன புரியும்? அந்த வகையில நமக்குக் கட்டுப்பாடு இல்ல, புதுசா யோசிக்கலாம்.

மத்த சொற்களுக்கும் சேர்த்துச் சொல்லிடுறேன். யார் அணியிலயும் இல்லாம வெளிய கிடக்குற ஆட்டக்காரருக்கு "உதிரி", சீசன் நடுவுல அவங்களை எடுக்குற இடம் "உதிரிப் பட்டியல்". சரத்துல சேராத பூவை உதிரிப்பூன்னு விக்கிறோமே அதே சொல்தான். கிளாசே மாதிரி ஆளுக்கு "முடிப்பாளர்". ஏலத்துக்குப் பதிலா 12 அணிகள் முறை வெச்சு ஆளை எடுக்குறப்போ, முதல் சுத்துல 1ல இருந்து 12 வரைக்கும், ரெண்டாவது சுத்துல 12ல இருந்து திரும்பி 1க்கு வர்ற முறைக்கு (இங்கிலீஷ்ல "ஸ்நேக் டிராஃப்ட்") "மடக்குத் தேர்வு", பாம்புன்னு மொழிபெயர்க்க வேண்டாம்.

மாட்டிக்கிட்டு நிக்கிறது "விப்" (WHIP) ஒண்ணுதான். ஒரு இன்னிங்ஸுக்கு பிட்சர் எத்தனை பேரை "வாக்"லயும் (தப்பான பந்து நாலு போட்டதால இலவசமா) ஹிட்லயும் (அடிச்சு) பேஸுக்கு விட்டாருன்னு பார்க்குற எண், அதையும் உண்டாக்குனவர் ஓக்ரென்ட்தான். "ஏற்றுவிகிதம்"னு எழுதிப் பார்த்தேன், எனக்கே திருப்தியில்ல. கணக்குத் தெரிஞ்சவங்க ஒரு சொல் கொடுங்க, அப்புறம் எல்லாத்தையும் சேர்த்து விக்சனரியில ஏத்திடலாம்.