நிகோல் டேவிட்டா, ஹெதர் மெக்கேயா? டீக்கடையில் முடியாத பஞ்சாயத்து

வைகைக்கரையான்:
ஞாயிறு காலை மதுரை ரேஸ் கோர்ஸ் பக்கம் ஷட்டில் ஆடிவிட்டு டீ குடிக்கும்போது ஆரம்பித்த வழக்கு, இன்னும் ஓயவில்லை, அதனால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன். 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷைச் சேர்த்தது பற்றிப் பேச்சு வந்தது. நான் சும்மா இருக்காமல், நிகோல் டேவிட் ஆடிய காலத்திலேயே சேர்த்திருந்தால் மலேசியாவுக்கு ரெண்டு தங்கமாவது போயிருக்கும், பெண்கள் ஸ்குவாஷில் அவரைப் போல ஒருத்தர் வந்ததே இல்லை என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் ஒரு பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஹெதர் மெக்கேயைக் கேள்விப்பட்டிருக்கியா நீ?" என்றார். அவ்வளவுதான், எல்லார் டீயும் ஆறிப்போனது.

என் கணக்கு இதுதான். நிகோல் 2006 ஆகஸ்டில் பிடித்த உலக முதலிடத்தை 2015 செப்டம்பரில்தான் விட்டார், தொடர்ந்து 108 மாதம். உலகப் பட்டம் 8, பிரிட்டிஷ் ஓபன் 5, மொத்தம் 81 டூர் (தொழில்முறைச் சுற்றுப் போட்டி) பட்டங்கள். 15 வயதில் 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம், 2018 ஜகார்த்தாவிலும் தங்கம், நடுவில் இருபது வருஷம். இதற்கு மேல் யாராவது இருந்தால் காட்டுங்கள்.

டவுன்ஹால் ரோடு:
கிளாஸைக் கீழே வைத்தது நான்தான். தம்பி என் பெயரைச் சொல்லாமல் விட்டதற்கு நன்றி.

ஹெதர் மெக்கே, ஆஸ்திரேலியா, குவீன்பியன் என்கிற சின்ன ஊர், வீட்டில் பதினோரு பிள்ளைகள். ஹாக்கிக்கு உடம்பைத் தயாராக வைத்துக்கொள்ளத்தான் ஸ்குவாஷ் கோர்ட்டுக்கே போனார் (ஹாக்கியிலும் நாட்டுக்காக ஆடினார், ஹாக்கி பிடித்த ஊர்க்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை). 1962 முதல் 1977 வரை பிரிட்டிஷ் ஓபன் 16 தடவை, ஒரு வருஷம்கூட விடவில்லை. தோற்றது மொத்தம் இரண்டே ஆட்டம், 1960-இல் ஒன்று, 1962-இல் ஒன்று. அதற்குப் பிறகு சர்வதேச ஆட்டத்தை விடும்வரை ஒருத்தராலும் அவரைத் தொட முடியவில்லை. 1968 பிரிட்டிஷ் ஓபனில் 9-0, 9-0, 9-0. அது ஃபைனல் தம்பி, முதல் ரவுண்டு இல்லை. உங்கள் ஆள் முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டே 2007, 2013 என்று இரண்டு உலகப் பட்டத்தைக் கோட்டை விட்டவர்.

வைகைக்கரையான்:
அண்ணே, ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்தக் காலத்தில் எத்தனை நாட்டுப் பெண்கள் ஸ்குவாஷ் ஆடினார்கள்? ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அதைத் தாண்டினால் விரல் விட்டு எண்ணலாம். நிகோல் காலத்தில் எகிப்து வந்தாச்சு, ஹாங்காங் வந்தாச்சு, நம்ம சென்னையிலிருந்தே தீபிகா பள்ளிக்கலும் ஜோஷ்னா சின்னப்பாவும் உலகின் முதல் பத்துக்குள் போனார்கள். கூட்டம் நிறைந்த பேருந்தில் சீட் பிடிப்பதும் டிப்போவிலேயே ஏறி உட்கார்வதும் ஒன்றா?

டவுன்ஹால் ரோடு:
டிப்போவில் ஏறியவர் 16 வருஷம் ஒரே சீட்டில் உட்கார்ந்திருப்பாரா? இலுப்பைப்பூ என்று வாய் கூசாமல் சொல்கிறீர்கள். பெண்களுக்கு உலகப் போட்டி என்று ஒன்று ஆரம்பித்ததே 1976-இல்தான், அப்போது அவருக்கு 35 வயது ஆகியிருந்தது. போனார், ஜெயித்தார். 1979-இல் ஷெஃபீல்டில் மறுபடியும். இருபதுகளில் அந்தப் போட்டி இருந்திருந்தால் உங்கள் எட்டு எங்கே நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

லந்து பார்ட்டி:
ரெண்டு பேரும் பழைய ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே இருங்கள். எகிப்தின் நூர் எல் ஷெர்பினி 2025-இல் எட்டாவது உலகப் பட்டத்தை எடுத்து நிகோல் கணக்கைச் சமன் செய்தாச்சு, இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். ஒன்பதாவது வந்தால் இந்த இழையை மூடிவிடலாமா அண்ணே?

அப்புறம் ஒரு சின்ன விஷயம், நிகோல் ரசிகர்கள் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். 2015 செப்டம்பரில்தான் பெண்கள் டூரில் டின் உயரத்தை 19 அங்குலத்திலிருந்து 17 அங்குலத்துக்கு இறக்கினார்கள். அதே செப்டம்பரில்தான் முதலிடம் எகிப்தின் ரனீம் எல் வெலிலியிடம் போனது. ரெண்டு அங்குலத் தகரத்தில் நின்றிருந்த சிம்மாசனம் சார் அது.

சோழவந்தான் குமாரு:
டின்னா? தகர டப்பாவா? புரியும்படி யாராவது சொல்லுங்கப்பா.

பி.டி.டீச்சர்:
நான் சொல்கிறேன். சென்னையில் கல்லூரியில் படித்தபோது மூன்று வருஷம் ஸ்குவாஷ் ஆடினேன், இப்போது இங்கே பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. ஸ்குவாஷில் வலை கிடையாது, இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று எதிரே உள்ள சுவரில் அடிக்க வேண்டும். அந்தச் சுவரின் அடியில் குறுக்கே ஒரு தகரப் பட்டை இருக்கும், பந்து அதில் பட்டால் 'டங்' என்று சத்தம் வரும், புள்ளி போச்சு. அதுதான் டின். அதன் உயரம் குறைந்தால் பந்தை இன்னும் தாழ்வாக அடிக்கலாம், தாழ்வாக அடித்த பந்து முன்னாலேயே செத்து விழும், ஓடிப்போய் எடுப்பது கஷ்டம். பின்னால் இருந்து ஓடி ஓடி எடுக்கிறவர்களுக்கு 19 அங்குலம் நல்லது, டிராப் (முன்சுவரில் தாழ்வாக மெதுவாகத் தட்டிவிடுவது) போட்டுக் கொல்கிறவர்களுக்கு 17 நல்லது. நிகோல் முதல் வகை, எகிப்துக்காரர்கள் ரெண்டாவது வகை. அதுவரைக்கும் லந்து தம்பி சொல்வது சரி.

ஆனால் அவர் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. ரேங்கிங் அந்த மாதம் ஆடியதை வைத்துப் போடுவது இல்லை, முந்தின ஒரு வருஷத்து ஆட்டங்களை வைத்துப் போடுவது. செப்டம்பரில் முதலிடம் போனது என்றால் அதற்கான புள்ளியெல்லாம் 19 அங்குல டின்னில் ஆடிச் சேர்ந்தது. டின் அவரைக் கீழே தள்ளவில்லை, அவர் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தார், 32 வயது. வேண்டுமானால், திரும்ப ஏறவிடாமல் டின் தடுத்தது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் அவர் முதலிடத்துக்கு வரவே இல்லை.

லந்து பார்ட்டி:
டீச்சர், ஸ்கூலிலும் இப்படித்தான் அடிப்பீங்களா? சரி, வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்.

பி.டி.டீச்சர்:
இருங்கள், அடுத்து டவுன்ஹால் ரோடு ஐயாவுக்கு. அந்த 9-0, 9-0, 9-0-ஐ இப்போதைய கண்ணோடு பார்க்கக் கூடாது. இப்போது ஒவ்வொரு ராலிக்கும் (சர்வ் போட்டதிலிருந்து ஒருவர் தவறவிடும்வரை நடக்கும் ஆட்டம்) புள்ளி, 11 வரை. அப்போது சர்வ் போடுகிறவருக்கு மட்டும்தான் புள்ளி. எதிராளி ராலியை ஜெயித்தால் சர்வ்தான் கைக்கு வரும், புள்ளி வராது. அதனால் சைபர் என்றால் மெக்கேயை எதிர்த்து ஆடிய அம்மா ஒரு ராலிகூட ஜெயிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

வைகைக்கரையான்:
அப்படிப் போடுங்க! பார்த்தீங்களா அண்ணே?

பி.டி.டீச்சர்:
முழுசாகக் கேளுங்கள் தம்பி. ராலி ஜெயித்து சர்வை வாங்கி, அந்த சர்விலேயே அடுத்த ராலியையும் ஜெயித்தால் ஒரு புள்ளி. மூன்று கேமிலும் சைபர் என்றால், சர்வ் கைக்கு வந்த ஒவ்வொரு தடவையும் மெக்கே அடுத்த ராலியிலேயே அதைப் பிடுங்கிவிட்டார் என்று அர்த்தம். ஒரு ஃபைனல் முழுக்க ஒரு தடவைகூட அசராமல் இருப்பது, எனக்கென்னவோ எந்தக் கணக்குமுறையிலும் பயங்கரமாகத்தான் தெரிகிறது.

டவுன்ஹால் ரோடு:
டீச்சரம்மா, உங்களுக்கு ஒரு ஜிகர்தண்டா.

மீனாட்சிப்பட்டணம்:
ஏன் மலேசியா, ஆஸ்திரேலியா வரைக்கும் போறீங்க? நம்ம ஊர் ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பாட்மிண்டனில் மூன்று தங்கம் எடுத்துட்டு வந்தார், அவருக்கு இத்தனை பதிவு வந்ததா?

வைகைக்கரையான்:
நியாயமான கேள்வி. தனி இழை போடுங்கள், முதல் ஆளாக வருகிறேன். இங்கே ஸ்குவாஷ் ஓடட்டும்.

பினாங்கு ரிட்டர்ன்:
2014-இல் பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தேன். 2013-க்கு உரிய உலகப் போட்டி அந்த வருஷம் மார்ச்சில் அங்கேதான் நடந்தது. நிகோல் பிறந்து வளர்ந்த ஊர், கேட்கணுமா. மலாய்க்காரர், சீனர், நம்ம ஆட்கள் எல்லாருக்கும் அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி. அப்பா இந்திய வம்சாவளி, அம்மா சீன வம்சாவளி, அதனால் ஆளாளுக்கு உரிமை கொண்டாடுவோம், நானும் கல்லாவில் நின்றுகொண்டு 'நம்ம பொண்ணு' என்று அளந்திருக்கிறேன். கடைசியில் கோப்பை இங்கிலாந்தின் லாரா மஸ்ஸாரோவுக்குப் போய்விட்டது. மறுநாள் கடையில் யாரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அதே வருஷம் டிசம்பர், கெய்ரோ. உலகப் போட்டி ஃபைனலில் எதிரே ரனீம் எல் வெலிலி, அவர் நாடு, அவர் கூட்டம். முதல் கேம் 5-11 போச்சு, ரெண்டாவது 11-8 வந்தது, மூன்றாவது 7-11. நான்காவது கேமில் ரனீமுக்கு நான்கு மேட்ச் பால், ஒன்று விழுந்தாலே கதை முடிந்தது. ஒவ்வொன்றாகத் தடுத்து 14-12, அப்புறம் ஐந்தாவது 11-5. சொந்த ஊரில் கைவிட்டதை எதிராளியின் நாட்டில் போய்ப் பிடித்தார். எட்டாவது பட்டம். டவுன்ஹால் ரோடு அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன், உங்கள் மெக்கே எப்போதாவது நான்கு மேட்ச் பால் பின்னால் நின்று ஜெயித்திருக்கிறாரா? நிற்க வேண்டிய நிலைமையே வந்திருக்காது. தோற்கிற இடத்தில் நிற்காத ஒருவரை எப்படி அளப்பது?

டவுன்ஹால் ரோடு:
பினாங்கு தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள், அந்த ஆட்டத்தை இன்றைக்கு ராத்திரி தேடிப் பார்க்கிறேன். ஆனால் உங்கள் வாதம் விசித்திரமாக இருக்கிறது. தேர்வில் நூறு வாங்குகிறவனைவிட, ஃபெயிலாகப் போய்க் கடைசியில் பாஸானவன் கெட்டிக்காரன் என்கிறீர்கள்.

அப்புறம், நிகோல் 2002 பூசான் ஆசிய விளையாட்டு ஃபைனலில் ஹாங்காங்கின் ரெபெக்கா சியூவிடம் தோற்று, கொஞ்ச நாள் மட்டையையே தொடாமல் இருந்து, 2003-இல் ஆம்ஸ்டர்டாம் போய் லிஸ் இர்விங்கிடம் சேர்ந்த பிறகுதானே இந்த 108 மாதமெல்லாம் வந்தது? லிஸ் இர்விங் எந்த ஊர்? ஆஸ்திரேலியா. கடைசியில் உங்கள் வீட்டு அடுப்பும் எங்கள் வீட்டு நெருப்பில்தான் எரிந்திருக்கிறது.

வைகைக்கரையான்:
டவுன்ஹால் ரோட்டில் இருந்துகொண்டு 'எங்கள் வீடு' ஆஸ்திரேலியாவா!

லந்து பார்ட்டி:
ஆஸ்திரேலியா அண்ணனுக்கு ஒரு பாஸ்போர்ட் பார்சல்.

என் பங்குக்கு ஒன்று. 2018 ஜகார்த்தா, குழுப்போட்டி அரையிறுதி, நம்ம ஜோஷ்னா சின்னப்பா ஐந்து கேம் ஆடி நிகோலை வீழ்த்தினார். இந்தியா ஃபைனலுக்குப் போனது. அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

வைகைக்கரையான்:
சொல்லலாமே. அதற்குச் சில நாள் முன்னால், அதே ஜகார்த்தாவில் ஒற்றையர் அரையிறுதியில் நிகோல் தீபிகாவை ஜெயித்து, பிறகு தங்கமும் எடுத்தார், 35-ஐத் தொடுகிற வயதில். ஃபைனலில் எதிரே நின்றது சிவசங்கரி சுப்பிரமணியம், அதே மலேசியா, பாதி வயதுப் பெண் என்றே சொல்லலாம். நிகோலைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. அடுத்த ஆசிய விளையாட்டில், ஹாங்சோவில், அந்தத் தங்கம் சிவசங்கரிக்கே போனது. மெக்கேக்குப் பிறகும் ஆஸ்திரேலியாவில் பலர் வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஸ்குவாஷில் ஊன்றிப்போன நாட்டில் இன்னொருவர் வருவதும், ஒரு பெண் வந்த பிறகுதான் ஊரே அந்த மட்டையைத் தெரிந்துகொள்வதும் வேறு வேறு.

எனக்கு உண்மையில் வயிற்றெரிச்சல் ஒலிம்பிக் விஷயத்தில்தான். 2005, 2009, 2013 என்று மூன்று தடவை ஸ்குவாஷ் கதவைத் தட்டியது, மூன்று தடவையும் இல்லை என்றார்கள். என் உலகப் பட்டங்களையெல்லாம் ஒரு ஒலிம்பிக் தங்கத்துக்கு மாற்றிக்கொள்வேன் என்று நிகோல் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. 2019 ஜூனில் ஓய்வு பெற்றார். 2023 அக்டோபரில் கதவு திறந்தது.

டவுன்ஹால் ரோடு:
அதில் உங்களோடு சண்டை இல்லை தம்பி. இரண்டு பேருக்குமே கிடைக்காத ஒன்று அது.

சோழவந்தான் குமாரு:
இவ்வளவும் படித்துவிட்டேன், நம்ம ஊரில் இதை எங்கே ஆடிப் பார்ப்பது?

பி.டி.டீச்சர்:
ஒரு கிளப்பில் ஒரு கோர்ட் இருக்கிறது, பெயர் வேண்டாம். போன தடவை போனபோது உள்ளே கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள், டின்மேல் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார். செயலாளரிடம் பேசி மூன்று வாரம் அலைந்து, இப்போது ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை காலி செய்து தருகிறேன் என்றிருக்கிறார். வருகிறவர்கள் தரையில் கறை பிடிக்காத ஷூவோடு வாருங்கள். பந்து வாங்கினால் இரட்டை மஞ்சள் புள்ளி வேண்டாம், அது அடித்து அடித்துச் சூடானால்தான் எழும்பும், புதிதாக ஆடுகிறவர்களுக்குத் தரையிலேயே படுத்துக்கொள்ளும். நீலப் புள்ளி போதும். என்னதான் நம்ம ஊர் வெயில் என்றாலும் காலை ஆறு மணிக்கு அது உதவாது.

வைகைக்கரையான்:
நான் வருகிறேன். லந்து பார்ட்டி, நீ எகிப்து, நான் மலேசியா.

லந்து பார்ட்டி:
17 அங்குலம் என்றால் வருகிறேன்.

பி.டி.டீச்சர்:
அந்த டின் துருப்பிடித்து வளைந்திருக்கிறது, ஒரு பக்கம் 17, ஒரு பக்கம் 19. ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டவுன்ஹால் ரோடு:
முட்டி ஒத்துழைக்காது, நான் வெளியே உட்கார்ந்து புள்ளி எண்ணுகிறேன். ஆனால் பழைய கணக்குதான், சர்வ் போட்டவருக்கு மட்டும்தான் புள்ளி.

வைகைக்கரையான்:
அப்படியென்றால் எட்டு மணிக்குள் ஒரு கேம் முடியாதே அண்ணே.

டவுன்ஹால் ரோடு:
டீயை ஃபிளாஸ்கில் கொண்டுவருகிறேன்.