அந்தப் பாடகரை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நடைராஜா:
காட்டுச் சத்தங்களை வைத்து அந்தப் பாடகர் போட்ட புது ஆல்பத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேசுகிறீர்கள். அது தயாராகும்போதே நான் பார்த்துவிட்டேன். நம் சிங்கப்பூர் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காடு, ஏரியோரப் பலகைப் பாதை முடியும் இடம், இன்னும் சரியாக விடியவில்லை. காதில் பெரிய ஹெட்போனோடு ஒருவர் முட்டிபோட்டு, செடிக்குள் மைக்கை நீட்டிக்கொண்டிருந்தார். கல்யாண மேடைகளில் கோட்டு சூட்டோடு காதல் பாட்டு பாடிய அதே மனுஷன்! என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். சரி, நம் காலடிச் சத்தம் இடைஞ்சல்போல என்று திரும்பினால், “அண்ணே, அந்தச் சருகு மேலயே இன்னொரு தடவ நடந்து வாங்களேன்” என்கிறார். நடந்தேன். “கொஞ்சம் மெதுவா.” மறுபடியும் நடந்தேன். மூன்றாவது பாட்டின் தொடக்கத்தில் வரும் சரசரப்பு என் காலா இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை. வீட்டுக்காரி இல்லவே இல்லை என்கிறாள்.

தேக்காவாசி:
உங்கள் காலாகவே இருக்கட்டும் நடைராஜா. நான் காசு கொடுத்துக் கச்சேரிக்குப் போனவன். ஆரம்பமே சிள்வண்டு, அதுவும் ஓயாமல். அப்புறம் மழைத் தவளை. பின்வரிசையில் ஒருத்தர் “பழைய பாட்டு!” என்று கத்தினார். இவர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, தவளைச் சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தார். பக்கத்து இருக்கை அம்மா, “இது எங்க புளோக் கால்வாயிலேயே சும்மா கேக்குமே தம்பி” என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் குரலைக் கேட்கத்தானே போனேன்?

காட்டுக்குயில்:
தேக்காவாசி, சும்மா குறை சொல்லாதீர்கள். ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 2011இல் நிலா, படிகம், வைரஸ் என்று ஒரு ஆல்பமே போட்டார். 2022இல் காளானை வைத்து இன்னொன்று. அவரும் பாடகிதானே? நான் இவரை உபின் தீவுப் படகுத்துறையில் பார்த்தேன். சாங்கிக்குத் திரும்பும் படகு கிளம்ப, அது நிறையும் அளவுக்கு ஆள் சேரவேண்டும், எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். இவர் மட்டும் கண்ணை மூடி எதையோ கேட்டுக்கொண்டு, படகு வந்தும் ஏறவில்லை.

வைக்கோல் தலை புல்புல் கூவியிருக்கும். அதன் பாட்டுக்காகவே ஆட்கள் பிடித்துப் பிடித்துக் கூண்டில் அடைத்ததால் ஜாவாவில் அற்றுப்போன பறவை. நம் ஊரில், அதிலும் உபினில், இன்னும் இருக்கிறது. நீங்களும் பதிவு செய்யப் போவதாக இருந்தால் விடியலுக்கு முன்னே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பறவை அடங்கிவிடும். மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை இல்லாமல் போகவே போகாதீர்கள், வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். சாங்கி விமானங்கள் ஒவ்வொன்றாக இறங்கும், அதற்கும் பொறுமை வேண்டும். போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பது கூடாது, அது தன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டதாக நினைத்துத் தவிக்கும். குரங்குக்குத் தீனி போட்டால் அபராதம். கொசு மருந்தைப் பதிவு தொடங்கும் முன்பே பூசிவிடுங்கள், நடுவில் தட்டினால் அந்தச் சத்தமும் பதிவாகும்.

தேக்காவாசி:
நான் ரெக்கார்டர் வாங்கப் போவதாக எங்கே சொன்னேன்? பழைய பாட்டு ஒன்று பாடியிருக்கலாம் என்றேன், அவ்வளவுதான்.