கதைக்குள் கதைக்கும் முன்பின் காலத்துக்கும் சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

நிழற்குடை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். கொஞ்சம் அவசரம். தமிழ்வழியில் படித்துவிட்டு விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேரும் பிள்ளைகளுக்காகத் திரைக்கதைப் பாடநூல் ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஐந்தாம் இயல் இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலாவது, ஃப்ரேம் நேரேடிவ். வெளியே ஒருவர் சொல்கிறார், ஒருவர் கேட்கிறார். அதற்குள் அவர் சொல்லும் கதை ஓடுகிறது. என் பாடத்தில் எடுத்துக்காட்டு 1920இல் வந்த ஜெர்மன் மௌனப்படம் ‘கலிகாரி’. தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து ஓர் இளைஞன் கதை சொல்கிறான். அவனே மனநலக் காப்பகத்தில் இருப்பவன் என்பது கடைசியில்தான் தெரிகிறது. வெளிக்கதையை எடுத்துவிட்டால் அது ஒரு கொலைகார டாக்டரின் படம். வைத்தால் யாரை நம்புவது என்றே தெரியாத படம்.

இரண்டாவது, நான்லீனியர். நடந்த காலவரிசையைக் கலைத்துக் கதை சொல்வது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

‘சட்டகக் கதை’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் இரண்டாம் இயலிலேயே ஃப்ரேமுக்குச் சட்டகம் என்று கொடுத்து, நொடிக்கு 24 சட்டகம் என்று சொல்லியாயிற்று. இங்கே சட்டகக் கதை என்றால் பையன்கள் குழம்புவார்கள். ‘பின்னோக்கு’ ஏற்கெனவே ஃப்ளாஷ்பேக்குக்குப் போய்விட்டது. உதவுங்கள்.

ஓலைச்சுவடி எழுதியது:

அம்மா, சட்டகத்தை நீங்கள் கைவிட்டதே நல்லது. பழைய அகராதிகளில் அதற்கு உடல், பிணம் என்ற பொருள்களும் உண்டு.

வெளியே தேடுவானேன்? நன்னூலைத் திறங்கள். பொருள்கோள் எட்டு: யாற்றுநீர், மொழிமாற்று, நிரனிறை, விற்பூட்டு (பூட்டுவில்), தாப்பிசை, அளைமறிபாப்பு, கொண்டுகூட்டு, அடிமறிமாற்று. சொற்கள் கிடக்கும் வரிசை வேறு, பொருள் கொள்ளும் வரிசை வேறு என்பதுதானே உங்கள் நான்லீனியர்? அதை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்துவிட்டார் பவணந்தியார்.

நேராக ஓடும் படம் ஆற்றுநீர்க் கதைகோள். வெளிக்கதையில் தொடங்கி வெளிக்கதையில் முடிவது பூட்டுவிற் கதைகோள். பூட்டுவில்லுக்கு உரையாசிரியர்கள் காட்டும் வெண்பா நினைவிருக்கிறதா? ‘திறந்திடுமின்’ என்று தொடங்கி, நான்கு அடி கடந்து, ‘கதவு’ என்று முடியும். முதற்சொல்லையும் கடைச்சொல்லையும் சேர்த்தால்தான் எதைத் திறப்பது என்று தெரியும். 1941இல் வந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தில் வேலியில் தொங்கும் ‘உள்ளே நுழையாதே’ பலகைதான் முதலிலும் வருகிறது, முடிவிலும் வருகிறது. அங்கே ‘திறந்திடுமின்’, இங்கே ‘நுழையாதே’. அவ்வளவுதான் வேறுபாடு.

பின்னாலிருந்து முன்னால் வரும் படம் அளைமறிபாப்பு. பாம்பு வளைக்குள் நுழைந்ததும் உடலை மடக்கித் தலையை வாசல் பக்கம் திருப்பும் அல்லவா, அது. ‘கதைகோள்’ என்பதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

முற்றுப்புள்ளி எழுதியது:

ஐயா, அளைமறிபாப்பு என்று கேள்வித்தாளில் வந்தால் பையன்கள் வளைக்குள் போய்விடுவார்கள். திரும்பி வர மாட்டார்கள்.

கத்தரி எழுதியது:

நிழற்குடை அக்கா, ஐயா, எல்லோருக்கும் வணக்கம். எடிட்டிங் மேசையில் உட்காருகிறவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

ஃப்ளாஷ்பேக் வந்தாலே நான்லீனியர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நம் ஊர்ப் படம் முக்கால்வாசி நான்லீனியர்தான். இடைவேளைக்குப் பிறகு ஹீரோவின் பழைய கதை வந்தால், படம் ஒரு தடவை பின்னால் போய்விட்டுத் திரும்புகிறது. நிகழ்காலம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நான்லீனியரில் அந்த நங்கூரமே ஆடும்.

அடுத்தது ஐயாவின் பாம்பு. 2000இல் வந்த ‘மெமென்டோ’வைப் பாருங்கள். கலர்க் காட்சிகள் பின்னாலிருந்து முன்னால் வருகின்றன. கருப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னாலிருந்து பின்னால் போகின்றன. கடைசியில், எடுத்த கையோடு வெளியே வரும் போலராய்டு போட்டோ ஒன்றில் படம் எழும்பும்போது கருப்பு வெள்ளை கலராக மாறி இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் ஒவ்வொரு கலர்க் காட்சியும் தனக்குள் நேராகத்தான் ஓடுகிறது. படத்தின் முதல் காட்சியில் மட்டும்தான் எல்லாமே தலைகீழ்: போலராய்டு வெளுத்துக்கொண்டே போகும். அதனால் இது பாம்பு மடங்கியது இல்லை. பாம்பைத் துண்டு போட்டு வால் பக்கத்திலிருந்து அடுக்கியது.

இன்னொன்று, ஆபீசில் கதை சொல்ல வரும் எந்த அசிஸ்டண்டும் ‘சார், கதைகோள்ல சொல்றேன்’ என்று சொல்லப்போவதில்லை. நான்லீனியர் என்றே விட்டுவிட்டால் என்ன?

ஓலைச்சுவடி எழுதியது:

> பாம்பைத் துண்டு போட்டு வால் பக்கத்திலிருந்து அடுக்கியது

அருமை தம்பி. துண்டுக்குள் நேர், துண்டுகளின் வரிசை மாற்று என்றால் அது அடிமறிமாற்று! அடிகள் தம்முள் சிதையாமல் இடம் மட்டும் மாறும். அந்தக் கலரும் கருப்பு வெள்ளையும் கூடும் இடம் தாப்பிசை. தாம்பு என்றால் ஊஞ்சல் கயிறு, இருபக்கமும் ஆடும். ‘உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண’ என்ற குறளில் நடுவில் நிற்கும் ‘ஊன்’ முன்னால் இருக்கும் உண்ணாமைக்கும் போகும், பின்னால் வரும் உண்ணலுக்கும் வரும்.

கத்தரி எழுதியது:

ஐயா, மடக்குகிறேன் என்று நினைக்காதீர்கள். அடிமறிமாற்றில் எந்த அடியை எங்கே வைத்தாலும் பொருள் மாறாது என்றுதானே நீங்களே முன்பு இக்குழுவில் எழுதினீர்கள்? இங்கே மாறுகிறதே. அந்தப் படத்தையே காலவரிசைப்படி அடுக்கிய பதிப்பு ஒரு டிவிடியில் ஒளிந்திருந்தது. அதே ஷாட்டுகள்தான், ஆனால் வேறு படம். ஹீரோவுக்கு ஐந்து நிமிடத்துக்கு முன் நடந்தது நினைவில் இல்லை. தலைகீழாக வைத்தால் நமக்கும் தெரியாது. நேராக வைத்தால் நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது, அவன் மட்டும் பாவமாகத் தெரிகிறான். செய்யுளில் வரிசையை மாற்றிப் பொருள் கொண்டதும் முடிந்தது. படத்தில் வரிசை மாறிக் கிடப்பதுதான் பொருளே.

நிழற்குடை எழுதியது:

கத்தரி தம்பி, கடைசி வரியைப் பாடத்தில் சேர்த்துக்கொள்கிறேன், அனுமதி உண்டுதானே?

ஆனால் எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. இன்று புதன்கிழமை.

பூவரசு எழுதியது:

வணக்கம். கொஞ்சம் பிந்தி வருகிறேன், மன்னியுங்கள்.

வெளிக்கதைக்கு ‘பொதிகதை’ எப்படி இருக்கும்? உள்ளே ஒன்றைப் பொதிந்து வைத்திருக்கும் கதை. யாழ்ப்பாணத்தில் கடைச் சாப்பாட்டுப் பார்சலை நாங்கள் சாப்பாட்டுப் பொதி என்றுதான் சொல்வோம், ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு இது விளங்கும். உள்ளே இருப்பதை ‘உட்கதை’ எனலாம். கிளைக்கதை என்ற பழைய சொல்லை இங்கே போட வேண்டாம். மணிமேகலையில் வருவதுபோல் கிளைக்கதை ஓடும் கதையிலிருந்து பிரிந்து போய்த் திரும்பும். இது அப்படியல்ல. உள்ளே இருப்பதுதான் பெரிய கதை, வெளியே இருப்பது அதைப் பிடித்திருக்கிறது.

‘ரஷோமான்’ நல்ல எடுத்துக்காட்டு. 1950இல் வந்த ஜப்பானியப் படம். மழை கொட்டும் ஒரு பாழடைந்த வாயிலில் விறகுவெட்டி, துறவி, வழிப்போக்கன் மூவரும் ஒதுங்குகிறார்கள். நீதிமன்றத்தில் கேட்டதை வழிப்போக்கனுக்குச் சொல்கிறார்கள். நீதிமன்றத்தில் சொன்னவர்கள் காட்டில் நடந்ததைச் சொன்னார்கள். அதிலும் இறந்துபோன சாமுராயின் வாக்குமூலம் சாமியாடும் பெண் ஒருத்தியின் வாயால் வருகிறது. எத்தனை பொதி பாருங்கள்! எழுத்தாளர் அகுதகாவாவின் இரண்டு தனித்தனிச் சிறுகதைகளை எடுத்து, ஒன்றின் வாயிலை மற்றதன் கொலைக்கு மேல் மூடியாகப் போட்டிருக்கிறார்கள்.

ஓலைச்சுவடி எழுதியது:

பொதிகதை நல்ல சொல். பொதி, பொதிகை, பொதியில், பொதும்பர், பொத்து, பொத்தகம் எல்லாம் ஒரே வேர் என்றே நினைக்கிறேன். பொத்தகம்தான் புத்தகம் என்பது என் துணிபு. இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும்...

அடுக்கு எண்ணுவதென்றால் சிலம்பின் முகப்பில் வரும் பதிகத்தை விட்டுவிட்டீர்களே. குன்றக் குறவர் வந்து ஒருமுலை இழந்த பெண்ணைக் கண்டதாக இளங்கோவடிகளிடம் சொல்கிறார்கள். உடனிருந்த சாத்தனார் அவள் கதையைச் சொல்கிறார். ‘வெள்ளியம்பலத்து நள்ளிருட் கிடந்தேன்’ என்று தொடங்கி, மதுரைத் தெய்வம் கண்ணகிக்குச் சொன்ன முற்பிறப்புக் கதையைத் தாம் கேட்டதாகச் சொல்கிறார். கேட்ட அடிகள் ‘நாட்டுதும் யாமோர் பாட்டுடைச் செய்யுள்’ என்கிறார். கோவலன் கொலைப்படுவது காப்பியம் தொடங்கும் முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகும் கொலைக்களக் காதையில் நெஞ்சு பதறுகிறதே, அதுவல்லவா கலை!

முற்றுப்புள்ளி எழுதியது:

ஸ்பாய்லர் அலர்ட் போடாத முதல் தமிழ்க் காப்பியம்.

ஓலைச்சுவடி எழுதியது:

ஸ்பாய்லருக்குச் சொல் என்ன? தனி இழை தொடங்குங்கள்.

கத்தரி எழுதியது:

பொதிகதை எனக்கும் சரி. நம்மூரில் ‘விருமாண்டி’யில் ஜெயிலுக்குப் பேட்டி எடுக்க வரும் பெண்ணிடம் கொத்தாளத் தேவர் ஒரு கதை சொல்வார், விருமாண்டி அதே கதையை வேறாகச் சொல்வார். ஒரு பொதிக்குள் இரண்டு உட்கதை. ‘அந்த நாள்’ படத்தில் போலீஸ் விசாரணைதான் பொதி. 1954இல் பாட்டே இல்லாமல் எடுத்தார்கள் என்பதை இன்றைக்குச் சொன்னாலும் என் அசிஸ்டண்டுகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நான்லீனியருக்குச் சிறுபத்திரிகைக்காரர்கள் ‘அ-நேர்கோட்டு’ என்று எழுதுகிறார்களே, அதை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

ஓலைச்சுவடி எழுதியது:

கூடவே கூடாது. முன்னால் ஒட்டும் அந்த ‘அ’ வடமொழி எதிர்மறை. அநீதி, அதர்மம் என்பவற்றில் வருவது. தமிழில் ‘அல்’ உண்டு. அல் + திணை = அஃறிணை. நல் + நூல் = நன்னூல் ஆவதுபோல் அல் + நேர் = அன்னேர். அன்னேர்கோட்டுக் கதை என்று எழுதுங்கள், இலக்கணப் பிழை இராது.

முற்றுப்புள்ளி எழுதியது:

வகுப்பில் அது ‘அண்ணே கோடு’ ஆக எத்தனை நிமிடம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்?

கத்தரி எழுதியது:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்னேரைப் படித்ததும் நான் தூய தமிழுக்கு எதிரான கட்சிக்குப் போய்விட்டேன். படிக்கிற பையனுக்குப் புரியாத தமிழ், புரியாத ஆங்கிலத்தைவிட எந்த வகையில் மேல்?

ஓலைச்சுவடி எழுதியது:

‘நனவோடை’யும் (ஸ்ட்ரீம் ஆஃப் கான்ஷியஸ்னெஸ்) ஒரு நாள் புரியாத சொல்லாகத்தான் இருந்தது, தம்பி. இன்று தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா. பழகாமல் எந்தச் சொல் புரிந்தது?

பூவரசு எழுதியது:

இரண்டு பேரும் சொல்வதில் ஞாயம் இருக்கிறது. நான் ‘காலமயக்கம்’ என்று யோசித்தேன். தொல்காப்பியம் வினையியலில் வருகிற விஷயம்தான்: வராத காலத்தை இறந்த காலத்தால் சொல்வது. சாப்பிடக் கூப்பிட்டால், இன்னும் எழும்பாமலே ‘வந்துவிட்டேன்’ என்கிறோமே. திணைமயக்கம் தெரிந்த பிள்ளைகளுக்குக் காலமயக்கம் பழகியதுபோல் இருக்கும்.

கத்தரி எழுதியது:

அழகாக இருக்கிறது. ஆனால் மயக்கம் என்றால் குழப்பம் என்றாகிவிடும். நல்ல நான்லீனியர் படத்தில் குழப்பம் பார்ப்பவருக்கு மட்டும்தான். சுவரில் ஸீன் கார்டுகளைக் காலவரிசையில் ஒட்டிவிட்டுத்தான் அப்புறம் கலைப்போம். செய்கிறவனுக்கு மயக்கம் வந்தால் படம் காலி. வழக்கமாக நாங்கள் சொல்வது ‘முன்னபின்ன வச்சிருக்கோம்’ என்றுதான்.

நிழற்குடை எழுதியது:

> முன்னபின்ன வச்சிருக்கோம்

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்! ‘முன்பின் வரிசை’. முன்பின் வரிசைக் கதை, முன்பின் வரிசைத் திரைக்கதை. எதிர்மறை ஒட்டே தேவையில்லை. இல்லாத கோட்டைப் பற்றிப் பேசாமல் இருக்கிற வரிசையைப் பற்றிப் பேசுகிறது.

இன்றிரவு அனுப்புகிறேன். வெளிக்கதை பொதிகதை, உள்ளே உட்கதை, நான்லீனியருக்கு முன்பின் வரிசை. பொருள்கோள் எட்டும் ஒரு பெட்டிச் செய்தியாக, ‘திறந்திடுமின்’ வெண்பாவோடு வரும். ஐயாவுக்குச் சம்மதம்தானே?

ஓலைச்சுவடி எழுதியது:

பெட்டிக்குள் பவணந்தியாரை அடைத்துவிட்டீர்கள், சரி. ‘முன்பின்’ எனக்கு உடன்பாடில்லை. ‘முன்பின் தெரியாதவர்’ என்பதில் அதற்கு வேறு பொருள் இருக்கிறது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அச்சில் ஒற்றைக் கவனியுங்கள். பொதி என்பதைப் பெயராகக் கொண்டால் ‘பொதிக்கதை’. வினைத்தொகையாகக் கொண்டால் ஒற்று மிகாது, ‘பொதிகதை’. பொதிந்த, பொதிகின்ற, பொதியும் என முக்காலமும் அதற்குள் கரந்து நிற்கும். காலத்தைப் பற்றிய பாடத்துக்கு வினைத்தொகைதான் பொருத்தம்.

பூவரசு எழுதியது:

நான் பார்சல் என்ற பெயர்ச்சொல்லை நினைத்துத்தான் சொன்னேன் ஐயா. அப்படியென்றால் பொதிக்கதை அல்லவா?

நிழற்குடை எழுதியது:

ஐந்தாம் இயலில் ஒற்று இல்லாமல் போய்விட்டது. சொல்லடைவில் ஒற்றோடு இருக்கிறது. அச்சகத்தில் போனை எடுக்கவில்லை.

கத்தரி எழுதியது:

அக்கா, புத்தகம் வந்ததும் எனக்குப் பத்துப் பிரதி. மேசையில் நான் நான்லீனியர் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பேன், அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.